சிறுதேர் முதல் சோழவரம் வரை: குட்டி ரேஸ் கார்களின் கதை

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் வாகனம் நடைவண்டிதான். கோயில் கடைகளில் மரப்பாச்சி, சொப்புச் சாமான்களுக்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகத் தொங்குமே, அதேதான். மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி. பிரேக் கிடையாது! நானும் அதைத் தள்ளித்தான் நடக்கக் கற்றேன் என்று அம்மா சொல்வாள்.

இப்போது கல்லூரி வந்தாயிற்று. நடைவண்டி போய், 1/24 அளவில் ரேஸ் கார் செய்கிற பைத்தியம் பிடித்திருக்கிறது. வகுப்பு நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கார் செய்தோம். அதைச் செய்யப் போய்த்தான் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு வருத்தமும் சேர்ந்துகொண்டது. அது என்ன வருத்தம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை

பெரிய வண்டியைப் பார்த்துச் சின்ன வண்டி செய்வது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சிந்துவெளியில் தோண்டிய இடங்களில் சுடுமண்ணால் ஆன பொம்மை வண்டிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. நாலாயிரம் வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு குயவர் தெருவில் போன மாட்டு வண்டியைப் பார்த்து, அதைக் கைக்குள் அடங்கும்படி செய்து தன் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்.

தமிழில் இதற்கு ஓர் அழகான பெயரே இருக்கிறது: சிறுதேர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக் காட்சி ஒன்று வரும். வீட்டு வாசலில் காயப்போட்ட தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. அதை விரட்ட அந்த வீட்டுப் பெண் காதில் கிடந்த பொன் குழையைக் கழற்றி வீசுகிறாள். அந்தக் குழை, குழந்தைகள் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழியில் தடையாகக் கிடக்கிறது. ஊர் எவ்வளவு பணக்கார ஊர் என்று காட்டப் புலவர் சொன்ன காட்சி இது. எனக்குப் பிடித்தது அந்த மூன்று சக்கரம்! நம் நடைவண்டிக்கும் அதே மூன்று.

பிறகு வந்த பிள்ளைத்தமிழ் நூல்களில், ஆண் குழந்தைக்குரிய பத்துப் பருவங்களில் ஒன்றாகவே சிறுதேர்ப் பருவத்தை வைத்துவிட்டார்கள். பொம்மை வண்டி உருட்டுவது வளர்ச்சியின் ஒரு படி என்று இலக்கணமே ஒத்துக்கொண்டுவிட்டது. ஆகவே நான் அறையில் உட்கார்ந்து கார் ஒட்டுவதை வீட்டில் யாரும் திட்ட முடியாது :-)

பெரிய தேரும் ஒரு பாடம்தான். ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளைச் சுற்றி வரும்போது மூலைகளில் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகிச் செருகித்தான் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். 'முட்டுக்கட்டை போடாதே' என்று நாம் திட்டுவது அங்கிருந்து வந்ததுதான். வளைவில் எப்படித் திரும்புவது என்பதுதான் தேருக்கும் சரி, ரேஸ் காருக்கும் சரி, பெரிய தலைவலி.

கயிறு, பள்ளம், ரேடியோ

சரி, ரேஸ் கார் மாடலுக்கு வருவோம். 1930களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிலர் சின்ன பெட்ரோல் என்ஜின் வைத்த குட்டிக் கார்களைச் செய்தார்கள். நடுவில் ஒரு கம்பம் நட்டு, கம்பியில் காரைக் கட்டி, வட்டமாக ஓடவிடுவார்கள். செக்கு மாடு மாதிரி. ஆனால் வேகம் மட்டும் பயங்கரம்.

அடுத்து இங்கிலாந்து. ஃபிரெட் பிரான்சிஸ் என்பவர் 1952-ல் சுருள்வில் விசையில் ஓடும் தகரக் கார்களை 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில் விற்றார். வியாபாரம் கொஞ்ச நாளில் படுத்துவிட்டது. காருக்குள் மின் மோட்டார் வைத்து, தடத்தில் ஒரு பள்ளம் போட்டு, பள்ளத்தின் இரு பக்கமும் உலோகப் பட்டை பதித்து மின்சாரம் கொடுத்தார். காரின் அடியில் இருக்கும் சின்ன முளை பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். கையில் இருக்கும் கருவியை அழுத்தினால் வேகம் கூடும், விட்டால் குறையும். 'எலக்ட்ரிக்' என்பதையும் சேர்த்து 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்று பெயர் வைத்து 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் காட்டினார். ஸ்லாட் கார் விளையாட்டு அப்படித்தான் வீடுகளுக்குள் வந்தது.

1960களில் இது அமெரிக்காவில் காட்டுத்தீயாகப் பரவியது. ஊருக்கு ஊர் பெரிய தடங்கள் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார்கள். கடையில் வாங்கிய கார் போதாது என்று ஆட்கள் தாங்களே மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றினார்கள், பித்தளைக் கம்பியைப் பற்றவைத்து அடிச்சட்டம் செய்தார்கள். பத்து வருடம் முடிவதற்குள் அந்த மோகம் அடங்கிவிட்டது. ஆனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து, அதைவிட நன்றாகச் செய்யும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அதுதான்.

பிறகு ஜப்பான். ஷிசுவோகாவில் 1946-ல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கியது டாமியா. முதலில் மர மாடல்கள், 1960-ல் முதல் பிளாஸ்டிக் மாடல். 1967-ல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் காரை 1/12 அளவில் கிட்டாகக் கொண்டுவந்தார்கள். 1976-ல் ரேடியோவில் ஓடும் போர்ஷே 934. அந்தக் காருக்காக ஷுன்சாகு டாமியா ஒரு நிஜமான போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிவிட்டார். கழற்றத் தெரிந்ததே தவிரப் பூட்டத் தெரியவில்லை, போர்ஷே மெக்கானிக்குகளைக் கூப்பிட்டுத்தான் மறுபடி மாட்ட வேண்டி வந்தது என்று சொல்வார்கள். அவர் 2025-ல் காலமானார். உலகம் முழுக்க எத்தனையோ பேர் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொண்டது அவருடைய பெட்டிகளில்தான்.

ஒரு சின்னக் கணக்கு

1/24 என்பது ஏன்? ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் 1/24. அவ்வளவுதான் ரகசியம். 1/43 என்ற விநோத எண் பொம்மை ரயிலிலிருந்து வந்தது. ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது 'ஓ கேஜ்' ரயிலின் கணக்கு. ஒரு அடி 304.8 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், சுமார் 43.5 வரும்.

எடையில்தான் வேடிக்கை. நீளம் 24 மடங்கு குறைந்தால் எடையும் 24 மடங்கு குறையும் என்று தோன்றும். இல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைவதால் 24-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும், அதாவது 13,824. 600 கிலோ எடையுள்ள ஒரு ரேஸ் கார் 1/24-ல் சுமார் 43 கிராம்தான் இருக்க வேண்டும்! ஒரு முட்டையைவிடக் குறைவு. நாங்கள் முதலில் செய்தது 200 கிராம் தாண்டியது. அது ரேஸ் கார் இல்லை, லாரி.

சோழவரம்

தில்லைநகர் நண்பனுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு ஃபார்முலா ஒன் கிட் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு பேரும் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒட்டினோம். முடித்தபோது ஒருவன் கேட்டான்: "ஏன்டா, நம்ம ஊர் ரேஸ் காருக்குக் கிட் கிடைக்காதா?"

நம்ம ஊர் ரேஸ் காரா என்று சிரித்தோம். பிறகுதான் தேடினோம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆரம்பித்தார்கள். அந்த ஓடுதளமே ரேஸ் தடம் ஆயிற்று. 1980களின் இறுதி வரை அங்கே பந்தயம் நடந்தது. வெளிநாட்டு ரேஸ் கார் இறக்குமதி செய்வது லேசுப்பட்ட காரியமா அந்தக் காலத்தில்? ஆகவே ஃபியட், அம்பாசடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று கிடைத்ததையெல்லாம் பிரித்து மாற்றி, பட்டறையிலேயே சொந்தமாகக் கார் செய்தார்கள். அவற்றுக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார் என்பதும் உண்மை. ஆனால் என் மனசு போனது அந்தப் பட்டறைக் கார்களிடம்தான்.

அந்த வரிசையில் பெரிய பெயர் கோயம்புத்தூரின் சுந்தரம் கரிவர்தன். தானே பந்தயக்காரர், தானே கார் செய்பவர். 1988 வாக்கில் அவர் உருவாக்கியதுதான் ஃபார்முலா மாருதி. நம் தெருவெல்லாம் ஓடிய மாருதி 800-ன் 796 சிசி என்ஜினை எடுத்து, ஓட்டுபவருக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை இருக்கையோடு நிஜமான ரேஸ் கார்! உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பணக்காரர் விளையாட்டு கொஞ்சமாவது கீழே இறங்கி வந்தது அவரால். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் தடம் திறந்தார்கள். ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி ஃபார்முலா ஒன்னில் முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. 1995-லேயே விமான விபத்தில் போய்விட்டார். 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், கரி மோட்டார் ஸ்பீட்வே. இன்றைக்குக் கல்லூரி மாணவர்கள் தாங்கள் செய்த கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டிக்குப் போவது அங்கேதான்.

பொம்மைக்கும் ரேஸுக்கும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியவர் மாமன் மாப்பிள்ளை. அந்த பலூன் கடைதான் எம்.ஆர்.எஃப். ஆனது. டயர் செய்து, ரேஸ் நடத்தி, 1987-ல் ஃபன்ஸ்கூல் என்று மறுபடி பொம்மைக்கே வந்து சேர்ந்தது.

நெட்டி கைகொடுத்த கதை

அப்படியானால் ஃபார்முலா மாருதியையே செய்வோம் என்று முடிவு. கிட் இல்லை, வரைபடமும் இல்லை. கையில் இருந்தவை சில பழைய படங்கள். படத்தில் ஓட்டுபவர் போட்டிருந்த ஹெல்மெட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து சக்கரம், மூக்கு, இறக்கை என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டோம்.

தெர்மோகோலில் உடலைச் செதுக்கி ஆசையாக ஸ்பிரே பெயிண்ட் அடித்தோம். கண் முன்னாலேயே கார் உருகிச் சுருங்கிவிட்டது! பெயிண்டில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைத் தின்றுவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மாத வேலை அரை நிமிடத்தில் போயிற்று. "விட்டுடலாம்டா" என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

அந்த வாரம் எங்கள் தெருவில் மரப் பொம்மை செய்யும் தாத்தா ஒருவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, மலைக்கோட்டையையும் பெரிய கோயிலையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெள்ளையா செஞ்சு வெச்சிருப்பாங்களே, அது எதுல செய்யறாங்கன்னு பாத்தியா?" என்றார்.

நெட்டி! குளத்தில் வளரும் செடியின் வெள்ளைத் தண்டு. காற்று மாதிரி லேசு, கத்தியால் பூப்போல வெட்டலாம், பெயிண்டுக்கு உருகாது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோயிலையே அளவு மாறாமல் சுருக்கத் தெரிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் தெர்மோகோல் வாங்கி உருக்கிக்கொண்டிருந்தோம்.

நெட்டியில் உடல், மேலே மெல்லிசாக எம்-சீல், தேய்த்து வழுவழுப்பாக்கிப் பெயிண்ட். பழைய பொம்மைக் கார்களின் சக்கரம். பொன்மலை நண்பனின் அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவர். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி என்ஜினே செய்து கொடுத்த பட்டறை அது. கம்பிகளைப் பற்றவைக்க அவர்தான் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் தராசில் வைத்தோம்: 61 கிராம். 43 இல்லைதான், ஆனாலும் லாரி இல்லை.

அந்த வருத்தம்

ஹோண்டாவும் போர்ஷேயும் என்றைக்கும் மறக்கப்படாது. அவற்றுக்குக் கிட் இருக்கிறது, எங்கோ ஒரு சிறுவன் தினமும் ஒட்டிக்கொண்டே இருப்பான். சோழவரத்தில் ஓடிய ஸ்பெஷல்களுக்கு அப்படி யாரும் இல்லை. பந்தயம் முடிந்ததும் என்ஜினைக் கழற்றி அடுத்த காருக்கு மாட்டினார்கள், மிச்சம் இரும்புக்குப் போயிற்று. அவற்றைச் செய்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ மெக்கானிக்காக இருந்திருந்தால், இன்றைக்கே போய்க் கேளுங்கள். ஒரு படம், ஓர் அளவு, ஒரு நிறம் கிடைத்தாலும் போதும், அந்தக் கார் மறுபடி உருவாகும்.

குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. தச்சன் செய்த சின்ன வண்டியில் ஏறிப் போக முடியாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று தோழி சொல்வாள். சோழவரம் ஓடுதளத்தில் நான் ஒரு நாளும் ஓட்டப் போவதில்லை. ஆனால் என் மேசை மேல் 61 கிராமில் ஒரு ஃபார்முலா மாருதி நிற்கிறது. நேற்று பக்கத்து வீட்டுக் குட்டிப் பையன் வந்து, கேட்காமலே அதற்கு நூல் கட்டித் திண்ணையில் இழுத்துப் போனான். பின் இறக்கை உடைந்துவிட்டது.

கோபமே வரவில்லை. அடுத்த ஞாயிறு ஒட்டிவிடலாம்.