மெய்நிகர் லேன்

மெய்நிகர் லேன், வழக்கில் வி-லேன், ஒரே ஸ்விட்சில் இணைந்த கருவிகளைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை. ஒரு குழுவில் எழும் பிராட்காஸ்ட், அதாவது எல்லாக் கருவிகளுக்குமான செய்தி, அந்தக் குழுவோடு நின்றுவிடும். அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி 1980களில் வகுத்த இந்தக் கருத்து, 1998இல் ஐஇஇஇ 802.1கியூ என்ற தரமாக வெளிவந்தது.

குழு பிரிப்பதில் பரவலானது போர்ட் வழி. நாகர்கோவில் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றை நினைத்துக்கொள்வோம். 24 போர்ட் ஸ்விட்சில் முதல் 12 அலுவலகத்துக்கு, அடுத்த 8 மாணவர் ஆய்வகத்துக்கு, மூன்று சிசிடிவி கேமராக்களுக்கு என்று ஒதுக்கினால், ஆய்வகக் கணினியில் புகுந்த வைரஸ் கட்டணக் கணக்கு உள்ள கணினியை நேரடியாக எட்ட முடியாது. மிஞ்சும் ஒன்று ட்ரங்க் போர்ட். அடுத்த கட்டடத்து ஸ்விட்சுக்கு எல்லாக் குழுக்களின் தரவையும் ஒரே கேபிளில் கொண்டுசெல்லும். கலந்துவிடாதிருக்க ஒவ்வொரு பிரேமிலும் (தரவுத் துண்டிலும்) 4 பைட் டேக் (அடையாளக் குறி) சேரும். அதில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை என்பதால் பயன்படுபவை 4,094.

கருவியின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியை வைத்தும் பிரிக்கலாம். கருவியை எங்கே செருகினாலும் அதன் குழு மாறாது என்பது இதன் வசதி. ஆனால் அந்த முகவரியைப் போலி செய்வது எளிது. ஆண்ட்ராய்டு 10 முதல் கைப்பேசிகளே வைஃபையில் மாற்று முகவரி காட்டுவதால் இந்த வழியை இன்று பரிந்துரைக்க முடியாது. புரோட்டோகால் வழிப் பிரிப்பு ஐபிஎக்ஸ், ஆப்பிள்டாக் காலத்தோடு மங்கிவிட்டது. ஐபி சப்நெட் வழியும் உண்டு. பயனர் பெயர், கடவுச்சொல்லைச் சரிபார்த்த பின் ரேடியஸ் சர்வரே வி-லேனைச் சொல்லும் 802.1எக்ஸ் முறைதான், ஆட்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் வளாகங்களுக்கு ஏற்றது.

வீடுகளுக்கும் வி-லேன் வந்துவிட்டது. மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பிஎஸ்என்எல் பைபர் இணைப்புத் தர வருபவர் பைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியில் வி-லேன் எண் பதிவது இதற்காகவே: ஒரே இழையில் இணையம் ஒரு வி-லேனிலும் தொலைபேசிக் குரல் இன்னொன்றிலும் போகும். எண் தவறினால் பெட்டியின் விளக்கு எரியும், இணையம் வராது. வாடிக்கையாளர் பெருகும்போது 4,094 போதாது. அதற்காகவே டேக்கின்மேல் டேக் இடும் 802.1ஏடி தரம் 2005இல் வந்தது.

குழுக்களுக்கிடையே தரவு போக ரூட்டர் அல்லது லேயர் 3 ஸ்விட்ச் வேண்டும். எது எங்கே போகலாம் என்ற அனுமதி விதிகளை அங்கே எழுதாவிட்டால், ஆய்வகத்திலிருந்து அலுவலகத்துக்கு அந்த வழியே பாதை திறந்திருக்கும்.