கிள்ளான் போரும் வகுப்பறை அரசியலும்

நாடுகளின் நட்பும் பகையும் எங்கோ தொலைவிலுள்ள பேரரசுகளின் கதை என்றே மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். காப்பார் மாணாக்கர்க்கு அவ்வெண்ணம் வேண்டுவதில்லை. காப்பாருக்குத் தெற்கே கிள்ளான் ஆறு. வடக்கே சிலாங்கூர் ஆறு. அவ்விரு ஆற்றங்கரைக் கோட்டைகளுக்காக 1867 முதல் 1873 வரை நிகழ்ந்த போரில் தூது, கூட்டணி, கட்சி மாறுதல், அயலார் தலையீடு ஆகிய அனைத்தும் உண்டு.

உள்நாட்டு ஈயம் ஆற்று வழியாகவே கடலை அடைந்தது. ஆற்றைக் காத்தவர் வரி தண்டினார். போரின் வேர் இதுவே. தம் தந்தையார் வழி உரிமை எனக் கருதிய கிள்ளானை, ராஜா அப்துல்லாவிடமிருந்து 1867இல் ராஜா மஹ்தி கைப்பற்றினார். சுல்தானுக்குரிய பங்கையும் அவர் செலுத்தவில்லை. சுல்தான் அப்துல் சமாது தாமே வாளெடுக்காமல், தம் மகளை மணந்த கெடா இளவரசர் துங்கு கூடினுக்கு 1868இல் அதிகாரம் வழங்கினார்.

1870இல் கிள்ளான் கூடின் வசமாயிற்று. மஹ்தியோ கோல சிலாங்கூரைப் பிடித்துக்கொண்டார். இரு தரப்பாரும் துணை தேடினர். கோலாலம்பூர்ச் சீனத் தலைவர் யாப் ஆ லோய் கூடின் பக்கம் நின்றார். அவருக்குப் பகையான சீனக் குழுவினர் மஹ்தி பக்கம் சேர்ந்தனர். அணிகளை வகுத்தது இனமன்று, ஈயமே என்பது இதனால் விளங்கும். கூடினுக்குத் துணையாயிருந்த சையது மஷ்ஹோரும் பின்னர் மஹ்தியைச் சார்ந்தார். 1872இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. பகாங் படை துணைக்கு வந்த பின்னரே, 1873இல் அவ்வூரும் கோல சிலாங்கூரும் மீண்டன.

போரில் வென்றவர் கூடின். நாட்டை ஆண்டவர் யார்? 1871இலேயே ஆங்கிலேயரின் ரினால்டோ என்னும் போர்க்கப்பல் கோல சிலாங்கூரைச் சுட்டிருந்தது. ஈயத்தில் பணம் முடக்கிய நீரிணைக் குடியேற்ற வணிகரும் ஆங்கிலேயர் தலையீட்டை வேண்டினர். 1875இல் ரெசிடெண்டாக அமர்ந்த டேவிட்சன், கூடினின் நண்பரான சிங்கப்பூர் வழக்கறிஞர். 1878இல் கூடின் சிலாங்கூரைவிட்டு அகன்றார். ரெசிடெண்டு ஆட்சி நிலைத்தது.

இவ்வரலாற்றை ஆண்டுகளின் அட்டவணையாக ஒப்பிக்கச் செய்வதினும், வகுப்பில் ஆட்டமாக நடத்துதல் நன்று. சுல்தான், கூடின், மஹ்தி, யாப் ஆ லோய், பகாங், நீரிணை ஆளுநர் என மாணாக்கரை ஆறு குழுக்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் அதனிடம் உள்ளது எது, அது விரும்புவது எது என்று எழுதிய தாள் ஒன்று தரலாம். அத்தாளைப் பிறர் காணலாகாது. தூதுவர் வழியன்றிப் பேச்சும் கூடாது. உடன்படிக்கை எழுதுமுன் ஒவ்வொரு குழுவும் இரண்டு வினாக்களுக்கு விடை கூறவேண்டும்: துணைக்கு வருபவர் எதை நாடி வருகிறார்? வெற்றிக்குப் பின் அவரைத் திருப்பி அனுப்பும் வலிமை நமக்கு உண்டா?

துணை தேடுதல் குற்றமன்று. துணையின்றிக் கூடின் வென்றிருத்தல் அரிது. ஆயினும் கோட்டையை மட்டுமே நோக்குபவர், காத்திருக்கும் ஆளுநரைக் காண்பதில்லை. ஆட்டத்தில் தோற்கும் குழு இதனை எளிதில் மறவாது. வள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்தே நட்பாராய்தலை வைத்த காரணமும் அப்போது விளங்கும்.

கிள்ளானில் ராஜா மஹ்தி கோட்டை வாயிலும் கோல சிலாங்கூரில் மெலாவாத்திக் குன்றும் இன்றும் உள்ளன. ஆட்டம் முடிந்தபின் மாணாக்கரை அங்கு அழைத்துச் சென்றால், பாடம் நிறைவுறும்.