ராத்திரி அழாத பிள்ளைகள்

"குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்குதா?" பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் வருகிறவர்கள் எல்லாம் கேட்கிற கேள்வி இது. ராத்திரி முழுக்க என்றால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எங்கள் தொழிலில் இப்படி வரையறை இல்லாமல் ஒரு ரிக்வயர்மெண்ட் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். 1957இல் லண்டன் குழந்தைகளைப் பற்றி எழுதிய மூர், உக்கோ என்ற இருவர் ஒரு வரையறை வைத்தார்கள்: நள்ளிரவு 12 மணி முதல் விடிகாலை 5 மணி வரை. ஐந்தே மணி நேரம்! அந்தக் கணக்கில் 70 சதவீதக் குழந்தைகள் மூன்று மாதத்தில் தேறின, ஆறு மாதத்தில் 83 சதவீதம். மீதிப் பிள்ளைகள் அப்போதும் எழுப்பிக்கொண்டுதான் இருந்தன.

தூங்கவைக்க வாயில் எதையாவது வைப்பது மிகப் பழைய வழக்கம். ரப்பர் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் துணிக் கிழிதான். கந்தலில் ரொட்டித் தூளும் சர்க்கரையும் வைத்து முடிந்து சப்பக் கொடுப்பார்கள். ஆல்பிரெக்ட் தியூரர் 1506இல் வரைந்த, சிஸ்கின் குருவியோடு இருக்கும் மாதா ஓவியம் பெர்லினில் இருக்கிறது. அதில் குழந்தை இயேசுவின் கையில் இப்படி ஒரு கிழி. அதைச் சில வீடுகளில் பிராந்தியில் நனைப்பதும் உண்டு. அதாவது, "சப்புவது" என்பதோடு "மயக்குவது" என்பதும் ரொம்ப நாளாகவே ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. இரண்டாவது விஷயம் எங்கே போய் முடிந்தது என்பதுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

இங்கிலாந்தின் கிழக்கே லிங்கன்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர், நார்ஃபோக் பக்கம் ஃபென்ஸ் என்று சதுப்பு நிலம். தண்ணீரை வடித்து விவசாய நிலமாக்கியிருந்தார்கள். குளிர்காய்ச்சலும் மூட்டுவலியும் நிறைந்த ஊர். கசகசாச் செடியின் காயைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும், கடையில் அபின் வாங்குவதும் அங்கே சாதாரணம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வயல்களில் கூலிக் கும்பல்கள் வேலை செய்தன. ஒரு மேஸ்திரி, அவனுக்குக் கீழே பெண்களும் சிறுவர்களும். விடியும் முன் கிளம்பி மைல் கணக்கில் நடந்து, இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். கைக்குழந்தையை யாராவது கிழவியிடமோ எட்டு வயதுப் பெண்ணிடமோ விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து கிடக்கும். பால் இல்லை, தாய் இல்லை. அழுகையை நிறுத்த வழி?

காட்ஃப்ரேஸ் கார்டியல். அபின், வெல்லப்பாகு, கொஞ்சம் வாசனைச் சரக்கு, தண்ணீர். 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்த சரக்கு இது. ஒரு கம்பெனியின் கைக்குள் இல்லாததால் ஊருக்கு ஊர் மருந்துக்கடைக்காரர் தாமே கலக்குவார். ஒரு கடை கார்டியலுக்கும் அடுத்த கடை கார்டியலுக்கும் வீரியம் வேறு. அதைவிட மோசம், பாட்டிலை நிற்கவைத்தால் அபின் அடியில் படியும். மேலே இருக்கும்போது ஒரு ஸ்பூனுக்கு ஒன்றும் ஆகாது. அடியில் வந்ததும் அதே ஒரு ஸ்பூன் குழந்தையைக் கொன்றுவிடும்.

ஆனால் அளவு கூடிச் செத்தது மட்டும் கதை இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்த குழந்தை பசியே தெரியாமல் தூங்கும். அழாது, பால் கேட்காது. வற்றிச் சுருங்கும். 1864இல் ஹென்றி ஜூலியன் ஹண்டர் என்ற மருத்துவர் இந்தக் கிராமப்புறங்களின் சிசு மரணத்தை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். நல்ல காற்றும் வயலும் உள்ள இடத்தில், ஆலைப் பட்டினங்களில் சாவதுபோல் ஏன் குழந்தைகள் சாகின்றன என்பதுதான் கேள்வி. அவர் விவரிக்கிற குழந்தைகள் சின்னச் சின்னக் கிழவர்கள் மாதிரி இருக்கின்றன. இதை மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் எடுத்து ஆண்டிருக்கிறார். இப்படிப் போன உயிர்கள் எத்தனை என்று சாவுப் பதிவேட்டைப் பார்த்துக் கணக்குப் போட முடியாது. 'பலவீனம்', 'வலிப்பு' என்று எழுதிவிட்டால் பாட்டில் அதில் தெரியாது.

அன்றைய கனவான்கள் பெரும்பாலும் தாயைத்தான் திட்டினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. காசுள்ள வீடுகளில் ஆயாக்களும் இதே சொட்டைத்தான் கொடுத்தார்கள். கூலிக்காரிக்குக் கூலியை விட்டால் அடுப்பு எரியாது. 20ஆம் நூற்றாண்டில் பம்பாய் மில் தொழிலாளிப் பெண்கள் பிள்ளைக்குக் கொடுத்த 'பால கோலி' என்ற அபின் உருண்டைக்கும் காரணம் இதேதான். குழந்தையின் தூக்கம் யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்த்தால் ஷிஃப்டுக்கு என்று தோன்றுகிறது.

இடையில் ஒரு சின்ன விலகல். நம் வீட்டு அலமாரிகளில் இருந்த உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டருக்கும் இந்த ஃபென்ஸுக்கும் உறவு உண்டு. வில்லியம் உட்வர்ட் 1851இல் நாட்டிங்ஹாமில் அதைச் செய்தபோது, ஃபென் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்தைப் பின்பற்றித்தான் செய்தார். அதில் அபின் கிடையாது. சோயிக்கீரை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், கூடவே 3.6 சதவீத ஆல்கஹால். 1990களின் தொடக்கத்தில்தான் பிரிட்டனில் அந்த ஆல்கஹாலை எடுத்தார்கள்.

அமெரிக்காவில் இதே வியாபாரம் இன்னும் பளபளப்பாக நடந்தது. மெய்ன் மாகாணத்தில் 1849இல் தொடங்கிய மிஸஸ் வின்ஸ்லோஸ் சூத்திங் சிரப்பில் ஒரு அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 30 மில்லிக்கு, 65 மில்லிகிராம் மார்ஃபின். சிரித்த முகமாய்த் தாயும் சேயும் இருக்கிற வண்ண அட்டைகள், காலண்டர்கள் என்று விளம்பரம் வீடு வீடாகப் போனது. எட்வர்ட் எல்கர் 1878இல் தன் காற்றுக்கருவிக் குழுவுக்காக எழுதிய ஒரு மெல்லிசைத் துண்டுக்கு இந்தப் பெயரையே வைத்தார். 1906இல் வந்த அமெரிக்கச் சட்டம் இதைத் தடை செய்யவில்லை. மார்ஃபின் இருந்தால் லேபிளில் எழுது என்றது, அவ்வளவுதான். பிறகு சரக்கிலிருந்தே மார்ஃபின் போனது.

பாட்டில் சந்தேகத்துக்குள்ளான அதே காலத்தில்தான் ரப்பர் வருகிறது. நாம் இன்று கடையில் பார்க்கிற நிப்பிள், வட்டத் தகடு, வளையம் என்ற வடிவத்துக்கு 1900இல் கிறிஸ்டியன் மைனெக்கே அமெரிக்காவில் வடிவக் காப்புரிமை வாங்கினார். மருந்து இல்லாத பாசிஃபையர் என்றால் எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்கலாம். நடந்தது நேர்மாறு. தரையில் விழுந்ததைத் துடைத்து மறுபடி வாயில் வைப்பதைப் பார்த்துக் கிருமிக்குப் பயந்த டாக்டர்கள் பொங்கினார்கள். நியூசிலாந்தில் 1907இல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங்குக்கு அது ஒழுக்கக்கேடு மாதிரி. நான்கு மணிக்கு ஒருமுறை பால், ராத்திரியில் பால் கிடையாது, ரப்பரும் கிடையாது. மனுஷர் அதற்கு முன்னால் மனநோய் விடுதிக் கண்காணிப்பாளர். அங்கே கன்றுக்குட்டிகளை வளர்த்துத்தான் தீவன அட்டவணையைக் கற்றார். பிள்ளை அழுதால்? அழட்டும். பல தாய்மார்கள் கதவுக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தாங்களும் அழுதிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கண்டிப்பு, மருந்து இரண்டையும் விட்டுவிட்டு, குழந்தை ராத்திரியில் என்னதான் செய்கிறது என்று சும்மா பார்க்க ஆள் வருவதற்கு 1970கள் ஆயின. தாமஸ் ஆண்டர்ஸ் தொட்டிலுக்கு மேலே கேமரா வைத்தார். 1979இல் வெளியிட்ட முடிவு எளிமையானது: "நன்றாகத் தூங்குகிறது" என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் ராத்திரியில் விழித்துக்கொண்டன. விழித்து, கொஞ்சம் புரண்டு, யாரையும் கூப்பிடாமல் திரும்பத் தூங்கின. வித்தியாசம் விழிப்பதில் இல்லை, அதற்கு அப்புறம் நடப்பதில்.

பாசிஃபையர் பிரச்சினை இங்கேதான் வருகிறது. பாஸ்டனின் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்கினார். கண் சொருகும்போது என்ன இருந்ததோ, நடுராத்திரி விழிக்கும்போதும் குழந்தை அதைத் தேடும். தூளியில் ஆட்டித் தூங்கவைத்தால் ஆட்டத்தை, வாயில் ரப்பர் இருந்தால் ரப்பரை. அது விழுந்திருக்கும், தானே எடுத்து வைக்கக் கை பழகியிருக்காது. ஆக அப்பாவோ அம்மாவோ எழ வேண்டும், மறுபடி, மறுபடி. விடவைக்க வேண்டும் என்றால், முழுசாகத் தூங்குவதற்கு முன்னால், அரைத் தூக்கத்தில் எடுத்துவிட்டுத் தட்டிக்கொடுப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். சில ராத்திரிகள் ரகளைதான். அழுகைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாகக் காத்திருப்பது ஃபெர்பர் முறை. இதுவும் பிறந்த சில வாரக் குழந்தைக்கு இல்லை. ராத்திரி, பகல் என்ற கணக்கே அதன் உடம்பில் உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை பசிக்குத்தான் எழும்.

ட்ரூபி கிங் கேட்டால் நொந்துபோவார், 2005இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பாசிஃபையரை மறுபடி உள்ளே அழைத்துவிட்டது. தூங்கப் போடும்போது அது வாயில் இருந்த குழந்தைகளிடம் தொட்டில் மரணம் எனப்படும் திடீர்ச் சாவு குறைவாக இருந்ததுதான் காரணம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு முதலில் பால் குடிப்பது நன்றாகப் படியட்டும், அப்புறம் கொடுங்கள் என்றார்கள். கூடவே ஒரு வரி: தூங்கிய பிறகு விழுந்துவிட்டால் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டாம்.