சதிக்கதையும் குரலும்: ஒலித்தொடர்ச் சொல்முறை பற்றிய ஓர் ஆய்வு

1. பொருளும் வரையறையும்

பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடர்களில் சதிக்கதைகள் எவ்வாறு மெய்போல நிலைபெறுகின்றன என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். சதி வேறு, சதிக்கதை வேறு. சதிகள் உலகில் உண்டு. 1972இல் வாட்டர்கேட் கட்டடத்தில் நுழைந்தவர்கள் பிடிபட்டதில் தொடங்கி, 1974 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகியதில் முடிந்த செய்தி மெய்யான சதி. ஒலிநாடாவாலும் சாட்சிகளாலும் நீதிமன்றத்தாலும் நிறுவப்பட்டது. சதிக்கதையோ, ஒரு நிகழ்வின் காரணத்தை மறைவான சிலரது திட்டத்தில் வைத்து, எந்த மறுப்புச் சான்று வந்தாலும் அதையும் அத்திட்டத்தின் பகுதியாக்கிக்கொள்ளும் கதை. மறுக்க இடந்தராமையே அதன் இலக்கணம்.

2. கேட்குமிடம்

கேட்போரின் நிலையை அறியாமல் சொல்வோரின் திறத்தை அளக்க இயலாது. திருத்தணி வட்டாரத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த நெசவூரான பொதட்டூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். நெசவுக்குக் கையும் கண்ணும் வேண்டும். காதுக்கு வேலை குறைவு. விசைத்தறியின் இரைச்சலை மீறி ஒலித்தொடர் கேட்க இயர்போன்தான் வழி. இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முனையைத் தேடி எடுத்து, முடிபோட்டு மறுபடி ஓட்ட வேண்டும். அந்த நேரத்தில் சொல்லப்பட்ட வாக்கியம் காதில் விழுந்தாலும் மனத்தில் பதிவதில்லை. அவ்வாறு நழுவுவன பெரும்பாலும் ‘இது இன்னும் உறுதியாகவில்லை’, ‘இப்படியும் சிலர் சொல்கிறார்கள்’ போன்ற வரம்புச் சொற்கள். நிகழ்ச்சிகளின் தொடர்ச்சியை மனம் எளிதில் ஒட்டவைத்துக்கொள்ளும். வரம்புச் சொல்லை ஒட்டவைத்துக்கொள்ளாது.

இதே தொண்டை மண்டலத்தில் திரௌபதியம்மன் விழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடப்பது மரபு. அங்கே கேட்போர் கூடி அமர்ந்திருப்பர். கதையும் அவர்களுக்குத் தெரியும். பிரசங்கியார் ஓரிடத்தில் தவறினால் திருத்தும் பெரியவர் கூட்டத்திலேயே இருப்பார். ஒலித்தொடர் கேட்பவருக்கு அந்தப் பெரியவர் இல்லை. இவ்வேறுபாட்டை நாம் மிகப் பெரிதாகக் கருதுகிறோம்.

3. குரல் உண்டாக்கும் உறவு

1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இருவர், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றில் தோன்றுவோரிடம் நேயர் கொள்ளும் நெருக்கத்தை ஆராய்ந்தனர். அதனை ஒருதலை நட்பு என வழங்கலாம்: ஒருவர் மட்டுமே மற்றவரை அறிந்திருக்க, இருவரும் அறிமுகமானவர் போன்ற உணர்வு நிலவுதல். காதுக்குள்ளேயே ஒலிக்கும் குரலில் இவ்வுணர்வு இன்னும் கூடும். மூச்சு கேட்கிறது, தயக்கம் கேட்கிறது, வீட்டுச் செய்தி இடையில் வருகிறது.

இவ்வுறவு பெரும்பாலும் தீங்கற்ற துறையிலேதான் பிறக்கிறது. ஹீலர் பாஸ்கர் உணவு, உறக்கம், நீர் பற்றிப் பல ஆண்டுகள் எளிய தமிழில் பேசி நேயர்களைச் சேர்த்தவர். 2018 ஆகஸ்டில் வீட்டுப் பிரசவப் பயிற்சி அறிவிப்புக்காகவும், 2020 மார்ச்சில் கொரோனாவைச் சதி என்று பேசிய குரல்பதிவுக்காகவும் அவர் கோவையில் கைதானார். மென்று உண்ணச் சொன்ன குரலே நோயையும் சதி என்கிறது. கேட்பவர் முன்னதற்கு அளித்த நம்பிக்கையைப் பின்னதற்கும் அளித்துவிடுகிறார். இதற்கு நம்பிக்கைப் பெயர்ச்சி என்று பெயரிடுகிறோம்.

4. வாதத்தின் உறுப்புகள்

இனிக் கூற்றின் அமைப்பு. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் அளவை நூலை விளக்குகிறார். பக்கம் என்பது நிறுவ வேண்டிய கூற்று. ஏது என்பது அதற்குரிய காரணம். திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. மலையில் நெருப்புண்டு என்பது பக்கம். புகை காண்பதால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இம்மூன்றனுள் ஒன்று பழுதுபட்டாலும் வாதம் போலியாகும்.

தேர்ந்த சதிக்கதை சொல்வோர் திட்டாந்தங்களை மட்டும் அடுக்குகின்றனர். ஏதுவைச் சொல்வதில்லை, பக்கத்தைக் கேட்பவரின் வாயில் விட்டுவிடுகின்றனர். ‘நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களே யோசியுங்கள்’ என்னும் தொடர் இச்சொல்முறையின் முத்திரை. தான் கண்டுபிடித்ததாக எண்ணும் முடிவைத் தனக்குச் சொல்லப்பட்ட முடிவினும் உறுதியாக ஒருவர் காப்பது இயல்பே.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 16ஆம் நாள் மாரடைப்பு. 17ஆம் நாள் மறைவு. மூன்று செய்திகளும் மெய். இம்மூன்றையும் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினால் போதும். பொய் ஒன்றும் சொல்லப்படவில்லை, எனினும் கேட்பவர் உள்ளத்தில் பக்கம் முடிந்துவிடும். அவ்விடத்து மறைந்து நிற்கும் ஏது ‘ஊசிக்குப் பின் நிகழ்ந்ததால்’ என்பது. இதனை வெளிப்படச் சொல்லியிருந்தால் குறை உடனே புலப்பட்டிருக்கும். ஊசிக்குப் பின் நலமாயிருப்போர் கோடிக்கணக்கானவர். ஆகவே அந்த ஏது சபக்கத்திலும் (பக்கத்தை ஒத்த இடத்திலும்) விபக்கத்திலும் (அதற்கு மாறான இடத்திலும்) ஒருங்கே காணப்படுகிறது. அறவண அடிகள் இதனை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியில் அடக்குவார்.

5. மீண்டும் கேட்டல்

ஒரு கூற்றைத் திரும்பக் கேட்பதே அதன் மெய்ம்மையுணர்வைக் கூட்டும் என்பதை ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ ஆகியோர் 1977இல் சோதனையால் காட்டினர். பொதட்டூர்பேட்டை போன்ற எல்லையூரில் இது இரட்டிப்பாகிறது. 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆயினும் தெலுங்கு பேச்சிலும் உறவிலும் தொடர்ந்தது. தமிழ் ஒலித்தொடரில் கேட்ட கதை, சித்தூர்ப் பக்கத்து உறவினரின் வாட்ஸ்அப் குரலில் தெலுங்கிலும் வந்தால், ஒரே ஊற்றின் இரு கிளைகள் இரு சாட்சிகளாக எண்ணப்படும். 2018இல் குழந்தை கடத்தல் வதந்தி ஆந்திரம், தெலங்கானா, தமிழகம் எங்கும் இவ்வாறே பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒருவரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. அவர் யாரையும் கடத்தியவர் அல்லர்.

6. மறுப்பின் முறை

மறுப்புரைப்போர் பெரும்பாலும் பக்கத்தையே தாக்குகின்றனர்: ‘தடுப்பூசியால் அன்று’ என்பர். கேட்பவர் அப்பக்கத்தைத் தம் கண்டுபிடிப்பாகக் கொண்டிருப்பதால் அது அவரையே தாக்கியதாகிறது. விவேக் செய்தியில் இதயத்தின் முதன்மை ரத்தக்குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் தொடக்கத்திலேயே சொன்னார்கள். தேசிய ஆய்வுக் குழுவும் 2021 அக்டோபரில் மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது. இம்முடிவு பரவிய அளவுக்கு அடைப்பின் கதை பரவவில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு ஆண்டுக்கணக்கில் படிவதையும், உயர் ரத்த அழுத்தம் அதனை விரைவுபடுத்துவதையும், ஒரு நாள் அக்குழாய் முற்றாக அடைபடுவதையும் முதலில் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஊசி பற்றிய பேச்சு அதன் பின்னரே வரலாம். அதுவும் நேயர் ஏற்கெனவே நம்பும் குரலில், இடையில் ஒரு வாக்கியம் நழுவினாலும் பொருள் கெடாதபடி இருமுறை சொல்லப்பட வேண்டும்.