தூத்துக்குடி – கொழும்பு கப்பல் போக்குவரத்து

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்னும் தனியார் கம்பெனியின் கையில் இருந்தது. தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்களும் வணிகர்களும் அக்கம்பெனி கேட்ட கட்டணத்தைத் தந்தே கடல் கடந்தனர்.

இதற்குப் போட்டியாக வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். முதலில் வாடகைக் கப்பல்கள் ஓடின. வாடகைக்குத் தந்த நிறுவனம் ஆங்கிலேயரின் நெருக்கடியால் விலகவே, 1907-இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வாங்கப்பட்டன.

ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் தருவதாக அறிவித்தது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பல துறைமுகங்களில் வருவாய் உள்ள கம்பெனி ஒரு வழித்தடத்தின் நட்டத்தைத் தாங்கும். பங்குதாரர் பணத்தை மட்டுமே நம்பிய சங்கம் எத்தனை நாள் தாங்கும்? 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. குடை தந்தவர்களுக்கு அதன்பின் போட்டி இல்லை.

1914-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் சேவை தொடங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை சேவையை 2023 அக்டோபரில் அரசு நிறுவனம் தொடங்கிச் சில நாட்களில் நிறுத்தியது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ஒரு தனியார் நிறுவனம் ‘சிவகங்கை’ கப்பலை அவ்வழித்தடத்தில் இயக்கத் தொடங்கியது.