இசைத்தட்டுக் கடையும் நினைவேக்கமும்

இசைத்தட்டுக் கடைகளில் தட்டு வாங்கிய நாட்களை எண்ணி ஏங்குவார் இன்றும் உளர். அவ்வேக்கத்தை முதுமையின் இயல்பு என ஒதுக்குவாரும் உளர். அன்று கேட்ட பாட்டுக்களுட் பலவற்றை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம். அங்ஙனமாயின் இவர்கள் இழந்தது யாது? இசைத்தட்டின் வரலாறு கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

எமில் பெர்லினர் தட்டை வடிவான ஒலித்தட்டினை 1887-ஆம் ஆண்டில் வகுத்தார். பின்னர் அரக்குக் கலவையால் ஆகி, நிமிடத்திற்கு 78 முறை சுழலும் தட்டு வழக்கில் நிலைபெற்றது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும்; கீழே விழின் உடையும். ஆதலின் நீண்ட இசையைப் பல தட்டுக்களில் பகுத்து, ஏடுகள்போற் கட்டிய உறைகளில் இட்டு விற்றனர். நிழற்படத் தொகுப்பை ஒத்திருந்தமையின் அக்கட்டு ‘ஆல்பம்’ எனப்பட்டது. 1948 சூன் திங்களில் அமெரிக்கக் கொலம்பியா நிறுவனம் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்திற்கு மேற்பட்ட இசை அடங்கிற்று. பல தட்டுக்கள் ஒன்றாயின, பெயரோ மாறவில்லை.

இம்மாற்றத்தின் பயன் தமிழகத்திற்கும் எட்டியது. எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் நெடுந்தட்டாக வெளிவந்தது. மூன்று நிமிடத் துண்டுகளாக அறுபடாது தொடர்ந்து கேட்கும் பேறு அதனால் வாய்த்தது.

இனி, கடையை நோக்குவோம். இலண்டன் ஆக்சுபோர்டுத் தெருவில் எச்.எம்.வி. கடையை 1921-இல் இசையறிஞர் எட்வர்டு எல்கார் திறந்து வைத்தார். மேனாட்டுக் கடைகள் பலவற்றில், வாங்குமுன் கேட்டுப் பார்க்கச் சிற்றறைகள் இருந்தன. சென்னையிலும் ஏ. வி. மெய்யப்பர் படத்துறையிற் புகுமுன் சரசுவதி ஸ்டோர்ஸ் வாயிலாக இசைத்தட்டு வாணிகம் நடத்தினார். கையிலுள்ள பொருள் ஒரு தட்டிற்கே போதுமாயின், வாங்குவோர் உறையைப் புரட்டுவர், கேட்பர், கடைக்காரரை வினவுவர், ஒன்றைக் கொண்டு மற்றவற்றை விட்டுச் செல்வர். அங்ஙனம் தேர்ந்து வாங்கியதைப் பேணிக் காத்தனர்.

இப்பேணுதலே வரலாற்றுக்குப் பெருந்துணை ஆயிற்று. நாடகமேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், முப்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார். திரைப்படம் எதிலும் அவர் நடித்தாரல்லர். அவர் குரலை இன்று நாம் கேட்பது அரக்குத்தட்டுக்களின் கொடையே ஆகும். விலை கொடுத்து வாங்கி, உடையாது காத்த பெயர் தெரியாத மக்கட்கு இசை வரலாறு கடமைப்பட்டுள்ளது.

ஒலிநாடாவும், 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டும் வினைலை ஒதுக்கின. ஆயினும் 2008 முதல் மேனாடுகளில் இசைத்தட்டுக் கடை நாள் கொண்டாடப்படுகிறது. அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டு வினைல் விற்பனை வருவாய் குறுந்தட்டு வருவாயை விஞ்சியது. 1986-க்குப் பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. பாட்டு எளிதிற் கிடைக்கும் காலத்தும் தட்டை நாடுவோர் பெருகுதல் எண்ணத்தக்கது.

ஆகவே, ஏங்குவோர் இழந்தது தேர்தலும் பேணலும் ஒருங்கியைந்த ஒரு பழக்கம் என்பது பெறப்படும். மாதக் கட்டணத்தாற் கேட்கும் பாட்டு, கட்டணம் நின்றவழி நம் கையில் நில்லாது. பழந்தட்டுக்களின் ஒலியை மட்டும் படியெடுத்து, உறையையும் பாட்டுப் புத்தகத்தையும் எறிந்துவிடின், பாடியவரையும் வெளியிட்டவரையும் அறிதற்குரிய சான்று அழியும். வீட்டுப் பரண்களில் எஞ்சியுள்ளவற்றை உறையோடும் புத்தகத்தோடும் நூலகங்களிற் சேர்த்தல் நம் தலையாய கடனாகும்.