பூட்டப்படாத வாசல்: வைஃபை வரலாறு தரும் பாடம்

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன், செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது புறப்பட்ட இணைய முகவரியைத் தேடிச் சென்ற காவல்துறை, நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் வாழ்ந்த அடுக்ககத்தை அடைந்தது. அவருடைய கணினி கைப்பற்றப்பட்டது; அவர் விசாரணைக்கு உள்ளானார். பூட்டின்றிக் கிடந்த அவர் வீட்டு வைஃபையில் வேறு யாரோ நுழைந்து அம்மின்னஞ்சலை அனுப்பியது பின்னரே தெளிவாயிற்று. அதே ஆண்டில் மாட்டுங்காவின் ஒரு கல்லூரி, செம்பூரின் ஒரு நிறுவனம் ஆகியவற்றின் வைஃபையும் இவ்வாறே பயன்படுத்தப்பட்டன.

இணைய முகவரி காட்டுவது இணைப்பைத்தான். அதைப் பயன்படுத்திய மனிதரை அன்று. ஆகவே முதற்கேள்வி வீட்டுக்காரரையே நோக்கி வருகிறது. குற்றமற்றவர் எனத் தெளியும் வரை ஒரு குடும்பம் படும் பாட்டை நம் சமுதாயத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. 2009 பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்குமாறு இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

பூட்டுகளிலும் குறைகள் இருந்தன. 1997-இல் வந்த டபிள்யூ.இ.பி. என்னும் முதல் பாதுகாப்பு முறை எளிதில் உடையக்கூடியது என்பதை 2001-இல் ஆய்வாளர்கள் காட்டினர். 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக எட்டு இலக்க எண்ணால் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியின் ஓட்டை 2011-இல் வெளிப்பட்டது. அவ்வெண் இரு பாதிகளாகச் சரிபார்க்கப்படுவதால், ஏறத்தாழ 11,000 முயற்சிகளே அதைக் கண்டுபிடிக்கப் போதுமாயின.

ஆயினும் பெருஞ்சேதம் விளைவித்தது மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொல்லே. 2016-இல் மிராய் என்னும் தீய நிரல், அத்தகைய 60-க்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளை வைத்துக்கொண்டே உலகெங்கும் ரவுட்டர்களையும் கேமராக்களையும் கைப்பற்றியது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்கள் தாக்கப்பட்டபோதும், 'அட்மின்' என்ற கடவுச்சொல்லை மாற்றாதவையே சிக்கின.

சேலையூரில் இன்று சுவரோடு சுவராக அடுக்ககங்கள் நிற்கின்றன. நம் வைஃபை அலை மாடிப்படியையும் தெருவையும் எட்டுகிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில:

- ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் வைஃபை கடவுச்சொல்லையும் தனித்தனியே மாற்றுவோம். இரண்டும் வேறு வேறு. தொலைபேசி எண்ணும் பிள்ளைகளின் பெயரும் வேண்டா.
- டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையைத் தேர்வோம்; டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைப்போம்.
- ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்போம். புதுப்பிப்பு நின்றுபோன பழைய கருவியை மாற்றுவோம்.
- வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் வசதியை மூடுவோம்.
- விருந்தினருக்கும் வாடகைக்கு இருப்போருக்கும் தனி 'கெஸ்ட்' இணைப்பு தருவோம்.

இணைப்பு நிறுவ வருபவரிடமே இவற்றைச் செய்து தரக் கேட்கலாம். பத்து நிமிட வேலைதான்.

அனுமதி பெற்று, ஸலாம் கூறிய பின்னரே பிறர் இல்லத்தில் நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. அந்த ஒழுக்கத்தை மதிக்காதவர்களும் உலகில் உண்டு. நம் குடும்பத்தாரின் உரையாடல்களும் வங்கிக் கணக்குகளும் நற்பெயரும் கடந்து செல்லும் இவ்வாசலைக் காப்பதும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.